அழிக்க மறுத்த விரிசல்கள்

மேகத்தில் குப்பை பெருக்குவது என் உத்தியோகம். துடைப்பம் தர மாட்டார்கள், திட்டு மட்டும் தருவார்கள். விருத்தாசலத்தில் கோப்பை செய்யும் ஒரு பீங்கான் கம்பெனியின் ஃபைல்கள் எல்லாம் கிளவுடில் இருக்கின்றன. அவற்றுக்குக் காவல் நான். 'இடம் நிரம்பிவிட்டது' என்ற சிவப்பு எழுத்தைக் கண்ட சக பாவிகளே, கேளுங்கள்.

பத்திரமான இடம்

வெள்ளிக்கிழமைக்குள் இடம் காலியாகாவிட்டால் மெயில் நின்றுவிடும் என்றார் மேனேஜர். தரம் பார்க்கும் ஜெரினா எடுத்து வைத்திருந்த, விரிசல் விழுந்த கோப்பைகளின் படங்களை அழிக்கச் சொன்னார். நான் முதலில் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். அழித்தவை அங்கேயே கிடந்து இடத்தை அடைக்கும் என்ற எளிய விதியை யாரும் படிப்பதில்லை. உள்ளே ஸ்டோர் கீப்பர் ராமலிங்கத்தின் சரக்குப் பட்டியல்கள். குப்பையில் கிடந்தால் முப்பது நாளில் தானாகப் போய்விடுமே என்று அவரிடம் சொன்னேன்.

"தொட்டுடாதீங்க சார்! வெளிய வெச்சா கண்டவனும் மாத்திடுறான். குப்பையில ஒருத்தனும் கை வெக்க மாட்டான். மாசாமாசம் எடுத்துட்டு, மறுபடி போட்டுக்குறேன்ல!"

ஒரே படம்

ஜெரினாவின் படங்கள் அத்தனையும் ஒன்றே என்று இரட்டைப் பிரதி தேடும் மென்பொருள் தீர்ப்பளித்தது. வெள்ளைக் கோப்பை, வெள்ளை மேசை. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஜெரினா வீட்டுக்குப் போகும் மங்கலம்பேட்டை பஸ்ஸை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். ஒவ்வொரு கோப்பையின் அருகிலும், சூளையில் அது இருந்த தட்டின் எண், பொடியாக நீலச் சாக்பீஸில். விரிசல் விட்டவை பெரும்பாலும் சூளைக் கதவோரத் தட்டுகளில் இருந்தவை. மேனேஜரோ விரிசலுக்குக் கைப்பிடி ஒட்டும் நான்கு பெண்களைக் குற்றம் சொல்லி, வேலையை விட்டு நிறுத்தப் போவதாக மிரட்டிக்கொண்டிருந்தார்.

"அவங்க மேல தப்பில்லண்ணே. கதவு இடுக்குல குளுந்த காத்து பூருது, அதான் வெடிக்குது. இத அழிச்சீங்கன்னா அவங்க நாலு பேரு சோத்துலயும் மண்ணுதான்."

திறப்பு விழா

அழிக்க மாட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். "அப்ப வேற எதைத்தான் அழிப்பே?" என்றார். தேடி வைத்திருந்தேன். ஷோரூமில் அவர் ரிப்பன் வெட்டிய நெடிய வீடியோவை, மரியாதை கருதி ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே பிரதி எடுத்து வைத்திருந்தது. ஒன்றை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அழித்தேன். ராமலிங்கத்தின் பட்டியல்களை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். சிவப்பு எழுத்து மறைந்தது. உடனே விரிசல் படங்களைத் தட்டு எண்படி அடுக்கி முதலாளிக்கு மெயில் அனுப்பினேன். அடுத்த வாரம் சூளைக் கதவு சரிசெய்யப்பட்டது. நால்வரும் இன்னும் கைப்பிடி ஒட்டுகிறார்கள். மேனேஜர் என் மேசைக்கு வந்தார்.

"என் வீடியோவ அழிச்சிட்டு, வெடிச்ச கப்புக்கா எடம் குடுத்தே?"

மிச்சமிருக்கும் அந்த ஒரு பிரதியையும் அழிக்கச் சொன்னால், அந்த உத்தரவுக்கு மட்டும் மறுபேச்சின்றிக் கீழ்ப்படிவேன்.