கடனைக் குடிமாற்றிய கதை

பிளவுஸ் தைக்கிறவளுக்கு மடியில் துணி, கையில் ஊசி. வருகிறவர்கள் பேசுவார்கள், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போதும் ஒரு பச்சைப் பிளவுஸுக்குக் கொக்கி கட்டுவதும் நிறுத்திவிட்டு எழுதுவதுமாக இருக்கிறேன். கம்பைநல்லூரில் வீட்டோடு தையல். கிரெடிட் கார்டு வீட்டுக்காரர் பெயரில். ஓசூர் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டார். புது ஆளிடம் பேசவே கூசுகிறவள் நான். பாங்க் பேசுவதெல்லாம் என்னோடு. கார்டு தேய்த்துவிட்டு முழிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

மினிமம்

பாப்பாவுக்கு நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தேய்த்தது நாற்பத்தெட்டாயிரம். பில்லில் 'மினிமம்' என்று ஒரு தொகை இருக்கும். அதைக் கட்டினால் போதும் என்று ஒரு வருஷம் கட்டினோம். கடன் அப்படியே நின்றது.

அளவு கொடுக்க வந்த டீச்சரம்மாவிடம் பில்லைக் காட்டினேன். நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபாய் வட்டி போகிறதாம். வேறு பாங்க் கார்டுக்குக் கடனை மாற்றினால் ஒரு ரூபாய்தான் ஆகுமாம், பன்னிரண்டு தவணையில் முடித்துவிடலாமாம். கையில் இஞ்சு டேப்போடு நான் நிற்பதைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு வருஷமா வாசலையே கூட்டிட்டு இருக்க புள்ள, வூட்டுக்குள்ள இன்னும் காலே வெக்கல."

ம்

சனிக்கிழமை வீட்டுக்காரர் புது பாங்கில் கையெழுத்துப் போட்டார். விவரம் சொல்ல ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். யார் பேசினாலும் ம் கொட்டிக் கேட்பதுதானே நம் பக்கத்துப் பழக்கம்? கொட்டாவிட்டால் காது கொடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்வார்கள். வட்டி சொன்னாள், ம். தவணை சொன்னாள், ம். "கூடவே இன்சூரன்ஸ் ஒண்ணு சேத்துடலாங்களா மேடம்?" அதற்கும் ம். "சம்மதம் பதிவாயிடுச்சுங்க, நன்றி" என்றாள்.

மாதம் நானூறு ரூபாய் கூடுதல். அதை எடுக்கச் சொல்லப் போன் போட்டு, எதிர்க்குரல் வந்ததும் பயந்து இரண்டு தடவை வைத்துவிட்டேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு "வேண்டாங்க" என்றேன், எடுத்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த வாடிக்கைக்காரர் மல்லிகா அக்கா விடுவாரா? "உன் கல்யாணத்துக்கே உன்னைய யாரும் கேக்கல, இவ கேக்கறாளேங்கற சந்தோஷத்துல தலைய ஆட்டிட்டியா?"

பொட்டு

புது கார்டு கூரியரில் வந்தது. என் மாமியார், வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்தடியில் வைப்பவர். இதற்கும் வைத்தார், சரியாக அந்த மின்னுகிற சதுரத்தின் மேலேயே.

ஏடிஎம்மில் போட்டு ரகசிய நம்பர் வைத்தால்தான் கார்டு உயிர் பெறும், கடனும் மாறும். மெஷின் கார்டைத் துப்பியது. மறுபடியும் துப்பியது. பின்னால் ஏழெட்டுப் பேர். முந்தானையால் துடைத்தேன், காய்ந்த சந்தனம் அப்பிக்கொண்டது. தக்காளி விற்ற காசைப் போட வந்த ஒருவர் வாங்கி, நகத்தால் சுரண்டிக் கொடுத்தார். மெஷின் எடுத்துக்கொண்டதும் அவர் கேட்டார்: "ஏம்மா, கடனுக்கே பொட்டு வெச்சுக் கூட்டியாந்தா அது எப்படிம்மா வூட்ட வுட்டுப் போவும்?"

கடைசி நாள்

கடனை மாற்றிவிட்டதாக மெசேஜ் வந்தது. பழைய கார்டுக்கு இனிக் கட்ட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அந்தக் காசை வாடகைக்குக் கொடுத்துவிட்டார். பழைய கார்டுக்குக் கட்டவேண்டிய கடைசி நாள் மத்தியானம் டீச்சரம்மா வந்து தலையில் அடித்துக்கொண்டார். பணம் போய்ச் சேர ஒரு வாரம் ஆகுமாம். சாயங்காலத்துக்குள் மினிமம் கட்டாவிட்டால் அபராதம், பேரும் கெட்டுப்போகும்.

வேண்டியது இரண்டாயிரத்து நானூறு. டப்பாவில் ஆயிரத்து நூறு. மல்லிகா அக்கா நாலு பிளவுஸுக்குக் கூலி பாக்கி. பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் வாசல்வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். பாப்பா அழுததில் அக்காவே வெளியே வந்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன். அவர் உள்ளே போய் ஆயிரத்து நானூறு கொண்டுவந்தார். "அட சாமி, உனக்கு வாய் இருக்குதா! நீ கேக்கலைன்னுதானே நானும் குடுக்கல!"

போன வாரம் பழைய கார்டில் பாக்கி சைபர் ஆனது. ஆனால் கடன் குடிமாறிப் போனாலும் பழைய வீட்டுக்கு யாரும் பூட்டுப் போடுவதில்லை, அது அடுத்த நாற்பத்தெட்டாயிரத்துக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது என்று புரிந்து, இன்றைக்கு வெட்டிப் போட்டுவிடலாம் என்று கத்திரிக்கோலும் கையுமாக டப்பாவைத் திறந்தால் கார்டைக் காணோம், போனில் ஆறு இலக்க நம்பர் ஒன்று வந்து விழுகிறது, தருமபுரிக்கு டிவி 'சும்மா பார்க்க'ப் போன வீட்டுக்காரர் கூப்பிட்டு, "புள்ள, ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, சீக்கிரம் படிச்சுச் சொல்லு" என்கிறார், இருங்கள், முதலில் அவரிடம் எந்தக் கார்டு என்று கேட்டுவிடுகிறேன், நம்பர் அப்புறம்.