கம்பித் தரை

“வெறுங்கால்ல நிக்கவே முடியலம்மா, தரை குத்துது” என்றார் அப்பா. சர்க்கரை நோய்க்காரர்கள் போடும் மெத்தென்ற செருப்பை அவர் காலடியில் வைத்தேன். பாவமாக இருந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

லிங்கராஜபுரம் வீட்டில், என் பத்து வயதில், டோலி என்று ஒரு முயல் வளர்த்தோம். பொம்மசந்திரா ஃபேக்டரி ஒன்றில் வெல்டராக இருந்த அப்பா, அதற்குத் தரையும் கம்பிவலையாகவே வைத்துக் கூண்டு செய்தார். புழுக்கை தானாகக் கீழே விழுந்துவிடும். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார்.

சில மாதத்தில் டோலி கால்களை மாற்றி மாற்றித் தூக்கியது. புரட்டிப் பார்த்தேன். பின்னங்கால் குதியில் முடி உதிர்ந்து, தோல் சிவந்து வெடித்திருந்தது. அப்பா தினமும் ஊதா மருந்தைத் தடவி, அதே கம்பிமேல் விட்டார்.

“மருந்து அப்புறம் சார், ஃபர்ஸ்ட் கம்பிய மூடி வைக்கோல் போடுங்க” என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர்.

நான் கோணி விரித்து வைக்கோல் போட்டேன். ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா உருவி எறிந்தார். “நாத்தம் புடிக்கும். என் கூண்டுல ஒரு தப்பும் இல்ல.”

நான் விரிக்க, அவர் எறிய, புண் சீழ்வைத்து டோலி செத்தே போனது.

இப்போது அப்பா செருப்போடு நாலடி நடந்தார்.

“அப்பாடா! இத முன்னாடியே வாங்கித் தந்திருக்கலாம் இல்ல?”