காவிப் பூச்சும் கடலைக் காடும்

வைரக்கண்ணுவுக்கும் வெயிலுக்கும் பிறவிப் பகை. உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரியும் கடலையும் விளைகிற ஒரு செம்மண் ஊரில், கருத்த அப்பனுக்கும் கருத்த அம்மாவுக்கும் தலைமுடியிலிருந்து கால் வரை வெள்ளையாகப் பிறந்தவன் அவன். புருவம் வெள்ளை, இமை வெள்ளை, கண்மணிகூடச் சாம்பல். சில பேருக்கு அப்படித் தோலில் நிறமே ஊறாமல் போய்விடுகிறது. அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? 'தொரை' என்று பேர் வைத்துவிட்டது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அல்லவா, எதிரே வந்தால் சலாம் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சலாமை வாங்கி வாங்கி அவனுக்கு அலுத்துப்போயிருந்தது.

கேலியையாவது பொறுத்துக்கொள்ளலாம், வெயிலைப் பொறுக்க முடியவில்லை. மற்றவர்களுக்கு வேர்க்கிற வெயிலில் அவனுக்குத் தோல் சிவந்து கொப்புளித்து உரிந்துவிடும். கண் கூசித் தண்ணீராகக் கொட்டும். சின்ன வயதில் உள்ளூர் வைத்தியர் ஒருவர், "வெயில்ல நின்னாத்தான்டா நெறம் ஏறும். எங்களுக்கெல்லாம் ஏறலையா?" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சட்டையில்லாமல் களத்து மேட்டில் போய் நின்றான். நிறம் ஏறவில்லை, காய்ச்சல்தான் ஏறியது. முதுகுத் தோல் வெங்காயச் சருகாக உரிந்து, நாள் கணக்கில் குப்புறக் கிடந்தான். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, "பத்தல, இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கணும்" என்றார். அந்த மனுஷனை என்ன சொல்வது?

அப்பன் செத்த பிறகு காட்டைப் பார்த்துக்கொண்டது அண்ணன் அமிர்தலிங்கம். தம்பியை அவன் பட்டினி போடவில்லை, அடித்து விரட்டவும் இல்லை. அதுதான் வினையே. "நீ நெழல்ல குந்துடா தம்பி, ஒனக்கென்ன தலையெழுத்து?" என்று அன்பாகச் சொல்லிச் சொல்லியே பங்கு நிலம் முழுவதையும் தன் ஏருக்குக் கீழே வைத்துக்கொண்டான். அறுப்பு முடிந்தால் தம்பி வீட்டுக்கு மூட்டை வரும். எவ்வளவு என்பது அண்ணன் கை அள்ளியதுதான். கேட்டால் கோபம் வராது, வருத்தம் வரும். "ஒனக்குச் செய்யாம யாருக்குடா செய்யப்போறேன்?" என்பான். கோபக்காரனோடு சண்டை போடலாம், இப்படிப்பட்டவனோடு என்ன செய்வது?

கல்யாணமாகிப் பூங்காவனம் வந்து சேர்ந்ததும் வைரக்கண்ணுவுக்கு அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. நாற்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் அண்ணன் முன்னால் போய் நின்றான்.

"அண்ணே, என் பாகத்தைப் பிரிச்சுக் குடுத்துருங்க. நானே பண்ணிக்கறேன்."

அமிர்தலிங்கம் சிரிக்கவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினான். "ஆடியில வெதைச்சு, கார்த்திகையில கடலை வெட்டற வரைக்கும் அவனே காட்டுல நின்னு பண்ணட்டும். பண்ணிட்டா அவன் பாகம் அவனுக்கு. முடியலன்னா இனிமே இந்தப் பேச்சே எடுக்கப்படாது." ஊர்ப் பெரியவர் அய்யம்பெருமாள் அதற்குச் சாட்சி. தம்பி பத்து நாள் தாங்கமாட்டான் என்பது அண்ணன் கணக்கு.

வைரக்கண்ணு ராத்திரியோடு ராத்திரியாக நேரே அரியலூருக்கு நடந்தான். அங்கே தனியாக வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் ஞானமுத்து படித்தவர், பொறுமைக்காரர். அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"காலை வெயில் எலும்புக்கு நல்லதுப்பா, அது யாருக்கும் வேணும். ஒனக்குக் கொஞ்சம் பட்டாலே போதும். மத்தவங்களுக்குத் தோல்ல ஒரு கருப்பு இருக்கு, அது வெயிலுக்குப் புடிச்ச கொடை மாதிரி. ஒனக்கு அந்தக் கொடை இல்ல. வெயில் ஏறினா வெளிய வராத. மீறி வந்தா ஒடம்பு பூரா துணியால மூடிக்க. இல்லன்னா இது புண்ணோட நிக்காது, புத்துநோயா மாறிடும்."

வெள்ளைக் களிம்பு ஒரு டப்பாவும் கொடுத்தார். நல்ல களிம்புதான். இரண்டாம் நாள் தீர்ந்துபோனது. போய்க் கேட்டால் யுத்தத்தால் சரக்கு வரவில்லை என்றார். சரி, துணியால் மூடலாம் என்றால் துணிக்குக் கண்ட்ரோல். கடையில் வரிசையில் நின்றால் வேட்டிக்கே வழியில்லை, முழுக்கைச் சட்டைக்கு எங்கே போவது? ஆவணியில் ஜப்பான்காரனோடு சண்டை நின்றதாகச் சொன்னார்கள், கண்ட்ரோல் நிற்கவில்லை. மழைக்குப் போடுகிற சாக்குக் கொங்காணியைப் போட்டுப் பார்த்தான். உள்ளே வெந்து, உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்தது. மூடாதே என்று சொல்ல ஒரு வைத்தியர், மூடு என்று சொல்ல ஒரு டாக்டர், மூடுவதற்குத் துணி கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஆடி பிறப்பதற்கு முன்பே வழி தற்செயலாகக் கிடைத்தது. சுவருக்குக் காவிப்பட்டை தீட்டியபோது முழங்கையில் வழிந்து காய்ந்த காவியை அவன் கழுவாமல் விட்டிருந்தான். சாயங்காலம் கழுவினால், சுற்றிலும் சிவந்து கன்றிப்போயிருக்க, காவி இருந்த இடம் மட்டும் பழையபடி வெளுப்பாக இருந்தது. அன்றைக்கு அவன் துள்ளிய துள்ளலைப் பார்த்துப் பூங்காவனம் பயந்தே போனாள். மறுநாளிலிருந்து காவிக்கல்லை இடித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, முகம், கழுத்து, மார்பு, முதுகு, கை, கால் என்று அவளே பூசிவிட்டாள். ஆடியில் உழுதான், விதைத்தான். ஆவணியில் களை எடுத்தான். கண் சரியாகத் தெரியாததால் தரையோடு குனிந்து, இலையை விரலால் தடவிப் பார்த்து எடுத்தான். மெதுவான வேலைதான், ஆனாலும் ஒரு கடலைச் செடியைக்கூடத் தவறிப் பிடுங்கவில்லை. இடது காது மடலில் மட்டும் முன்பே வந்திருந்த ஒரு சின்னப் புண் ஆறாமல் நின்றது. அதை யார் கவனித்தார்கள்?

புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமை, ஆடு மேய்க்கிற இருசம்மாள் வரப்போரமாக வந்தாள். அவள் பக்கத்து ஊர்க்காரி, வைரக்கண்ணுவைப் பார்த்தது கிடையாது. வெள்ளை முடியும் வெள்ளைப் புருவமும் உடம்பெல்லாம் காவியுமாக, கண்ணை இடுக்கிக்கொண்டு மண்ணைத் தடவிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். "சாமீ" என்று அப்படியே காலில் விழுந்தாள்.

"ஏ, எந்திரிம்மா! நான் சாமியுமில்ல பூதமுமில்ல. கடலைய மிதிக்காத, போ!" என்று கத்தினான்.

அவன் திட்டிய அன்றே அவளுடைய நோய்க்கார ஆடு எழுந்து புல் மேய்ந்ததாம். அவ்வளவுதான். திட்டுகிற சாமிக்கு மவுசு அதிகம் அல்லவா? அடுத்த சனிக்கிழமை தேங்காய் பழத்தோடு கூட்டம் வந்துவிட்டது. கடலை பூத்து விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரம் அது. அப்போது மண்ணை யாரும் தொடக்கூடாது, மிதித்தால் காய் பிடிக்காது. அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "மிதிக்காதீங்க தாயி" என்று அழாத குறையாகக் கெஞ்சினான். சாமியே நம்மைக் கும்பிடுகிறதே என்று அவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். கிழக்குப் பக்கம் நான்கு சால் கடலை பாயாக நசுங்கியது.

அமிர்தலிங்கம் புளிய மரத்தடியில் ஒரு கல்லைக் கழுவிப் போட்டான். "இப்படிக் குந்துடா. நெழலுக்கு நெழலு, கும்பிடறவனுக்கும் கொறைவில்ல. டாக்டரு வெயில்ல போவாதன்னுதான சொன்னாரு?" என்றான்.

அன்றைக்குப் பூங்காவனமும் அண்ணன் பேச்சுக்குத்தான் ஒத்து ஊதினாள். "மாமா, ஒங்க காதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. குந்தினா என்ன? கொஞ்ச நாளைக்குத்தான."

வைரக்கண்ணுவுக்கும் ஆசை வராமலில்லை. ஒரு பக்கம் நிழல், ஆறுகிற தோல், தானாக வருகிற சோறு. இன்னொரு பக்கம் எரிகிற வெயிலும் புண்ணும், பாதி நசுங்கிய கடலையும். எந்த மடையனும் எதை எடுப்பான் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அண்ணன் தந்த நிழலில் உட்கார்ந்து உட்கார்ந்துதானே இத்தனை வருஷம் வீணாய்ப் போனது? "நான் ஒக்கார மாட்டேன்" என்று காட்டைக் காவல் காக்கப் போய்விட்டான்.

அதன் பிறகுதான் அமிர்தலிங்கம் அடிமடியில் கைவைத்தான். பஞ்சாயத்தைக் கூட்டி, நனைந்த பஞ்சு போன்ற குரலில் சொன்னான்.

"ஊரே அவன் கால்ல விழுவுது. காவியும் பூசிக்கிட்டான். சந்நியாசம் போனவனுக்குச் சொத்து ஏதுங்க? அவன் பாகம் குடும்பத்துல இருக்கறவனுக்குத்தான சேரணும்?"

வைரக்கண்ணு தன் காவிக் கையைப் பார்த்தான். தோலைக் காப்பாற்றப் பூசிய மண் நிலத்தைத் தின்னப் பார்க்கிறதே! அய்யம்பெருமாள் தாடியைத் தடவினார். கூட்டத்தில் பாதிப்பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பூங்காவனம் எழுந்து வந்தாள்.

"சந்நியாசியாங்க அவரு? நான் முழுவாம இருக்கேன். நாலு மாசம். அவரு சந்நியாசின்னா இது எப்படி வந்துச்சுன்னு பெரியவங்க நீங்களே சொல்லுங்க."

சபை சிரித்த சிரிப்பில் புளிய மரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. அமிர்தலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அய்யம்பெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "அவன் சம்சாரிதான். ஆனா இனிமே காவி பூசப்படாது. ஜனங்க ஏமாறுது, தெய்வக் குத்தம். பூசாம வெட்டி முடிக்கட்டும், பாகம் அவனுக்கு."

இதைவிட அவனைச் சந்நியாசி என்றே சொல்லியிருக்கலாம். காவி இல்லாமல் புரட்டாசி வெயிலில் ஒரு நாள் நின்றான். தோள் முழுக்கக் கொப்புளம். மறுநாள் காலை எழுந்து, தோளில் துண்டைக்கூடப் போட முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "நெலமாவது மயிராவது, போ" என்று கத்தினான்.

பூங்காவனம் விடுவிடு என்று அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப்பானையைக் கவிழ்த்து, அடியில் அப்பியிருந்த கரியைத் தேங்காய்த் தொட்டியால் சுரண்டினாள். விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"காவிதான பூசக்கூடாதுன்னாங்க? திரும்புங்க."

அன்று காட்டுக்குப் போனவனைப் பார்த்து ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கன்னங்கரேல் என்று உடம்பு, அதன்மேல் தும்பையாகத் தலை. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. இருசம்மாள் ஆட்டை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். வைரக்கண்ணுவுக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் காலில் விழவில்லை, யாரும் கடலையை மிதிக்கவில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தான்.

கார்த்திகைக் கடைசியில் கடலையை வெட்டி முடித்தான். நசுங்கிய சாலில் பொக்குக்காய்தான் வந்தது, மீதி சுமாராகத் தேறியது. அய்யம்பெருமாள் வந்து நின்று வரப்பைக் காட்ட, அமிர்தலிங்கமே எல்லைக்கல்லை நட்டான். வைரக்கண்ணு தன் பாகத்தை ஒரு சுற்று நடந்து வந்தான். அப்போதும் அந்த இடது காது விண்விண் என்று தெறித்தது.

மார்கழியில் புருஷனும் பெண்டாட்டியுமாக அரியலூர் போனார்கள். டாக்டர் ஞானமுத்து காதைப் பார்த்தார். புண் புற்றாக மாறியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, மடலின் மேல்பாதியை வெட்டி எடுத்துக் கட்டுப் போட்டார். கையைக் கழுவும்போது அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, வெயில்ல போவாதன்னு! போயே தீரணுமா?"

"நெலம் வெயில்லதானங்க கெடக்கு" என்றான் வைரக்கண்ணு. "அதைத் தூக்கி நெழல்ல வைக்கத் தெரிஞ்சா நான் ஏங்க போறேன்?"

டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்தார். அவன் கழுத்தையும் முதுகையும் கையையும் பூதக்கண்ணாடி வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கும் புண் இல்லை, தடிப்பு இல்லை. என்ன பூசினாய் என்று கேட்டார். சொன்னான்.

"அப்ப ஒடம்பு பூரா அது காப்பாத்தியிருக்கு. வலது காதும் நல்லாத்தான் இருக்கு. இந்தக் காதை மட்டும் ஏன் விட்டீங்க?"

வைரக்கண்ணு பூங்காவனத்தைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்லயே அங்க புண்ணு இருந்துச்சுங்க. எண்ணெ பட்டா எரியுதுன்னாரு. எரியுதேன்னுதாங்க அத மட்டும் தொடாம விட்டேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. புண் ஆறியதும் இனி அங்கேதான் முதலில் பூச வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். வைரக்கண்ணுவுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.