சித்தப்பா கல்யாணத்துக்கு ஒரு தடை

நான் தாம்பரத்தில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, இங்கிலீஷ் மிஸ் 'ஹிண்டர்' என்ற சொல்லைப் போர்டில் எழுதி, தடுப்பது, இடையூறு செய்வது என்று பொருள் சொன்னார். பொருளை மனப்பாடம் செய்தால் போதாதாம். எது எதை ஹிண்டர் செய்கிறது என்று கண்ணால் பார்த்துத் தினம் ஒரு வாக்கியம் எழுதி வர வேண்டும். அதை நான் ஓர் உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டேன். இரும்புலியூரில் குறுக்கே நின்ற லாரி எங்கள் ஸ்கூல் வேனை ஹிண்டர் செய்தது. டிவிக்கு முன்னால் நின்று சட்டைப் பொத்தான் போட்ட அப்பா என் கார்ட்டூனை ஹிண்டர் செய்தார்.

அந்த வாரம்தான் சித்தப்பா சமையலறையில் அம்மாவிடம் புலம்பியதைக் கேட்டேன். எங்கள் சர்ச்சிலேயே அவருக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. பின்னால் எனக்குச் சித்தியானவர், சித்தப்பாவைவிட இரண்டு விரற்கடை உயரம். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நிச்சயதார்த்தப் படங்களில்கூட இருவரையும் நாற்காலியில் உட்காரவைத்தே எடுத்தார்கள்.

"அவ பக்கத்துல நின்னா நான் ஸ்கூல் பையன் மாதிரி தெரியறேன் அண்ணி. இது ஒண்ணுதான் தடையா இருக்கு. வேணாம்னு சொல்லிடலாமான்னுகூடத் தோணுது."

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "ஓலை வாசிக்கப் போற நேரத்துல பேசற பேச்சா இது?"

கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறுகள் மணமக்கள் பெயரைச் சர்ச்சில் அறிவிப்பதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். முதல் ஞாயிறு ஆங்கில ஆராதனை. பாஸ்டர் இரண்டு பெயர்களையும் படித்துவிட்டு, இந்தத் திருமணத்தை ஹிண்டர் செய்யும் விஷயம் ஏதேனும் யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அரைத் தூக்கத்தில் இருந்த நான் நிமிர்ந்தேன். என் சொல். விடையும் எனக்குத் தெரியும். வகுப்பில் செய்வதுபோலக் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அம்மா கவுனைப் பிடித்து இழுத்தாள். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, என்ன பாப்பா என்றார்.

"அவங்க சித்தப்பாவவிட ஹைட்டு பாஸ்டர். அதுதான் ஹிண்டர் பண்ணுது."

சித்தப்பாவின் காதுமடல் சிவந்துவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பெண்கள் பக்கத்தில் கல்யாணப் பெண் எழுந்தார். எப்போதும் தோளைக் குறுக்கிக் குனிந்தே நடப்பவர், அன்று முதுகை நிமிர்த்தி முழு உயரத்துக்கும் நின்றார்.

"எனக்குத் தெரியும் பாஸ்டர். எனக்கு அது தடையில்ல. அவருக்கு எப்படின்னு கேளுங்க."

சித்தப்பா மெல்ல எழுந்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"எனக்கும் இல்ல பாஸ்டர்."

அதன்பின் சர்ச்சே சிரித்தது. கீபோர்டு வாசிக்கும் அண்ணன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். பாஸ்டர் மட்டும் முகம் மாறாமல், அப்படியானால் அடுத்த அறிவிப்புக்குப் போகலாம் என்றார்.

கல்யாணத்தன்று சித்தி ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். படமெல்லாம் நின்றபடியே எடுத்தார்கள். சித்தப்பா அண்ணாந்து பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குத்தான் குழப்பம். உயரம் கொஞ்சமும் குறையவில்லை, கூடத்தான் செய்திருந்தது. ஆனால் கல்யாணம் நடந்துவிட்டது. அப்படியென்றால் நான் அந்தச் சொல்லைத் தப்பாகப் பயன்படுத்திவிட்டேன். பள்ளி திறந்ததும் மிஸ்ஸிடம் போய் அதை ஒப்புக்கொண்டேன். அவர் முழுக்கதையையும் கேட்டார். பிறகு என் நோட்டை வாங்கி, உயரம் சித்தப்பா கல்யாணத்தை ஹிண்டர் செய்கிறது என்று நான் எழுதியிருந்த வாக்கியத்தில் வினைச்சொல்லை மட்டும் இறந்தகாலத்துக்கு மாற்றிவிட்டு, இப்போது சரி என்றார்.

அதில் என்ன பெரிய வித்தியாசம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.