கோட்டுக்கு வெளியே நின்ற செல்வி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. பாதி மறந்தும் போச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் என் மகள் செல்வி ராஜபாளையத்தில் காலேஜ் பாஸ்கெட்பால் ஆடினாள். பவர் பார்வர்டு என்பார்கள். நல்ல உயரம். கூடைக்கு அடியில் இடித்துப் பிடித்து நின்று, தவறி விழும் பந்தையெல்லாம் பறித்துவிடுவாள். அந்த ஆட்டத்துக்காகத்தான் பீஸ் இல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள்.

புதிதாக வந்த கோச், உயரமானவர்களும் இனி தூரக் கோட்டுக்கு வெளியே நின்று எறியணும், அங்கிருந்து போட்டால் மூணு பாயிண்ட் என்றுவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் மேட்சில் அவள் எறிந்த ஒன்றுகூடக் கூடையில் விழவில்லை.

“ஏட்டி நெட்டச்சி, அங்க என்ன காவலுக்கா நிக்கே? உள்ள போ!” என்று எனக்குப் பின்னால் ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போ என்பதா, அங்கேயே நில் என்பதா? எனக்குத் தெரியவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செத்த நேரத்தில் கோச் அவளை வெளியே எடுத்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது, “அவரு சொல்றது சரிதாம்மா. இப்ப எல்லாரும் அப்படித்தான் ஆடுதாவ. எனக்குத்தான் வரல” என்றாள்.

“பழகுனா வந்துரும்ட்டி.”

“வார வரைக்கும் என்னை வச்சிருப்பாவளா?”

மறு வருஷம் டீமில் அவள் பேர் இல்லை. பீஸ் கட்ட வழியில்லாமல் என்னோடு பஞ்சு மில்லுக்கு வந்தாள்.

யாரையாவது திட்டினால் மனசு ஆறும். திட்ட ஆள் இல்லை. ஆட்டம் மாறிவிட்டது, அம்புட்டுதான்.

அந்தத் தூரக் கோடு எந்த வருஷம் வந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். செல்வியிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.