ஒரே தட்டில் மூடிய பிரேக்கர்

இதை எழுத எத்தனையோ முறை நோட்டை எடுத்து, எழுதாமலே திரும்ப வைத்திருக்கிறேன். கோபத்தோடு ஒன்றைச் செய்வது பாவம் என்று எங்கள் சமண வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். கோபம் தீரட்டும், பிறகு எழுதலாம் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தேன். தீரவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

செஞ்சிப் பக்கம் ஒரு துணைமின் நிலையத்தில் நான் ஆபரேட்டர். படிப்பு ஐ.டி.ஐ.தான். என் மனைவியின் தம்பி அங்கேயே லைன்மேன். லைனில் கோளாறு வந்தால் பிரேக்கரைத் திறந்து கரண்டை நிறுத்தும் ரிலேக்கள் புதிதாக வந்தன. எந்தக் கம்பெனி ரிலேயும் கம்ப்யூட்டரோடு ஒரே மொழியில் பேசுமாம். பிரேக்கரை மூடினால் கரண்ட் மறுபடி ஓடும்; அதை மூடக் கம்ப்யூட்டரில் இரண்டு தட்டு வேண்டும். முதல் தட்டில் எந்த லைன் என்று தேர்வு. ரிலே 'தயார்' என்று பதில் சொல்லும். இரண்டாம் தட்டில்தான் பிரேக்கர் மூடும். தண்ணீரைக்கூட வடிகட்டிக் குடிக்கும் வீட்டில் பிறந்த எனக்கு அந்த நிதானம் பிடித்துப்போயிற்று.

சோதிக்க வந்த இன்ஜினியருக்குப் பிடிக்கவில்லை.

"ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தட்டு தட்டினா நான் எப்பய்யா ஊருக்குப் போறது?" என்று எல்லாவற்றையும் ஒரே தட்டுக்கு மாற்றினார்.

"சாயந்திரம் திருப்பி மாத்திடுங்க சார்."

"நீ எனக்குப் பாடம் எடுக்குறியா?"

மாற்றவில்லை. மறுநாள் அவலூர்பேட்டை லைனில் வேலை. நான் பிரேக்கரைத் திறந்தேன். அடுத்து, லைனைப் பிரிக்கும் ஐசோலேட்டரை மச்சான் வெளியே கையால் திறக்க வேண்டும். கரண்ட் ஓடும்போது திறந்தால் நெருப்புப் பாயும். அவன் கைப்பிடியை இழுத்த நொடியில், எனக்குப் பின்னால் லேப்டாப்போடு இருந்த இன்ஜினியர் வேறு லைன் என்று நினைத்து இதைத் தட்டினார். ரிலே இரண்டாம் தட்டுக்குக் காத்திருக்கவில்லை. பிரேக்கர் மூடியது. வெளியே வெடிச்சத்தம். மச்சானின் வலது கை வெந்துபோயிற்று.

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ரிலேயின் சின்னத் திரையைப் பார்த்தேன். மூடச் சொன்னது அவர் லேப்டாப், அதுவும் தேர்வு இல்லாமல். வரி வரியாக நோட்டில் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டிய பின் நாங்கள் சாப்பிடுவதில்லை, அன்று பட்டினி. காலையில் திரையில் ஒரு வரியும் இல்லை. இரண்டு தட்டும் திரும்பி வந்திருந்தது.

விசாரணையில் இன்ஜினியர், "ஆபரேட்டர் கை தவறிட்டாரு" என்றார். நோட்டை நீட்டினேன். "கையால எவன் வேணா எதை வேணா எழுதலாம்" என்று சிரித்தார்.

பழி என் மேல் விழுந்தது. அதைக்கூடப் பொறுத்தேன். மச்சானும் நம்பினானே! "தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா மாமா?" என்று கேட்டவன், நான் நீட்டிய நோட்டை வாங்கிப் பார்க்காமலே போனான்; அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவனுக்கு ஸ்டேஷனிலேயே ரிஜிஸ்டர் எழுதும் வேலை கொடுத்தார்கள். இடது கையால் எழுதப் பழகினான். ஒரே அறை, பேச்சு இல்லை.

எல்லா உயிரையும் மன்னிக்கும் நாள் எங்களுக்கு ஆண்டுதோறும் வரும். கைகூப்பி எல்லாம் சொல்லிவிட்டு, 'அந்த ஆளைத் தவிர' என்று மனசுக்குள் சேர்த்துக்கொள்வேன்.

சில வருஷம் கழித்து அதே இன்ஜினியர் வந்தார். பிரேக்கர் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டுமாம். லைனை நிறுத்தி, வேலை செய்யலாம் என்ற எல்.சி. சீட்டைக் கொடுத்தேன். கதவு வரை போனவர் திரும்பினார்.

"யோவ், ரெண்டு தட்டுலதானே இருக்குது?"

"எப்பவும் அப்படித்தானே சார் இருக்குது?" வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"நல்லா பாருய்யா. அன்னிக்கு மாதிரி ஒரே தட்டுல கிடக்கப் போவுது."

மச்சானின் பேனா நின்றது. "இன்னா சார் அது? என்னிக்கு?"

அவர் கையிலிருந்த சீட்டை மடிக்க ஆரம்பித்தார். பையிலேயே வைத்திருந்த நோட்டை மேசையில் வைத்தேன். "அவரு சொல்ல மாட்டாரு மச்சான். நீ படி."

அவன் நிதானமாகப் படித்து முடித்தான். "போங்க சார், கையை உள்ள விடுங்க. நானும் மாமாவும் இங்கதான் உக்காந்திருக்கோம்."

அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப் ஏறினார். அந்த வேர்வையைப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது. அது பாவம் என்றால் என் கணக்கில் இருக்கட்டும்.

"அக்கா இன்னா சமைச்சிருக்குது மாமா?" என்றான் மச்சான். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நான் இன்னும் மன்னிக்கவில்லை. படிக்கிறவர்கள் ரிலே முன்னால் உட்காருகிற நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டுக் கோபத்தைக் குறைத்துவிடாதீர்கள்; அவர்மேல் ஆத்திரப்பட்டு ஒரு வரி கூட்டவும் வேண்டாம். நோட்டில் உள்ளபடியே போகட்டும்.