பீடத்து வளைவு

என் தம்பியின் காரை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் திரையில் அவன் பெயர் வரும். அவன் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் வந்துகொண்டுதான் இருந்தது. இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. அவனுடைய ஃபோனை அம்மா தினமும் சார்ஜ் போட்டு அணைய விடாமல் வைத்திருந்தாள். அம்மாவின் அறைக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். வண்டி அந்த ஃபோனைக் கண்டுபிடித்து அவன் பெயரைக் காட்டும். கேட்டைத் தாண்டி நாலு வீடு போனால் பெயர் மறைந்துவிடும். எல்லாம் தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் அந்த நாலு வீட்டையும் ஊர்ந்துதான் கடப்பேன்.

பெங்களூரில் வேலை பார்த்த தம்பி ஒரு நாள் காலை படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு அங்கே அவனோடு வேலை பார்த்த ஒருவன் வண்டியை இலஞ்சிக்கு ஓட்டிவந்து எங்கள் ஷெட்டில் விட்டுவிட்டுப் போனான். தம்பி ஆசை ஆசையாகப் பழையதாக வாங்கிய ஜெர்மன் வண்டி அது. மிதித்தால் முதுகை சீட்டில் அறையும். தேங்காய் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போவதற்கு அப்படி ஒரு வண்டி தேவையே இல்லை.

அப்பா விற்றுவிடலாம் என்றார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் யார் எதைச் சொன்னாலும் வாக்குமூலம் வாங்குவதுபோல்தான் கேட்பார். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் திங்கட்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு முடிந்திருந்தது. அதை என்னிடம் வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சொன்னார். எனக்குக் கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டைத்தான் முதலில் நகர்த்துவேன். நகர்த்தினேன்.

"வண்டி எனக்கு வேணும்ப்பா."

"நீ ஓட்டுத லட்சணத்த நானும் பாத்துட்டுத்தான இருக்கேன். சைக்கிள்காரன் உன்ன முந்திட்டுப் போறான். தெரிஞ்சவ கையில இருந்தா அது வண்டி. தெரியாதவ கையில இருந்தா கேஸு."

அவர் சொன்னது உண்மைதான். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. தம்பி லீவில் வரும்போது இந்த வண்டியில்தான் எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தான். இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் பேசுவான். அவன் போன பிறகும் நான் வண்டியை எடுத்தால் இடது பக்கத்திலிருந்து அந்தப் பேச்சு கேட்டது. கியரைப் பார், கண்ணாடியைப் பார், எதற்கு இப்படி ஸ்டீயரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிக்கிறாய் என்று. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் மனுஷி நான். ஆனால் கேட்டது. வேகமாகப் போனால் சீக்கிரம் வீடு வந்துவிடும் என்றுதான் மெதுவாகப் போனேன்.

இலஞ்சியிலிருந்து தென்காசி போகும் வழியில் ஒரு வளைவில் சுடலைமாடன் பீடம் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த கூம்பு, அதில் சிவப்புக் கோடுகள். எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் அதைச் சும்மா கடக்க மாட்டார்கள். வேகத்தைக் குறைத்து ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார்கள். டவுன் பஸ்ஸும் அடிக்கும், ஆம்புலன்ஸும் அடிக்கும். அந்த இடம் வந்ததும் தம்பி எந்தப் பேச்சில் இருந்தாலும் நிறுத்திவிட்டுச் சொல்வான்: "காலை எடு. ஒன்னு அடி." அவன் போன பிறகும் அதே இடத்தில் அதே குரல் கேட்டது. மற்ற பேச்சாவது சில நாட்கள் கேட்கும், சில நாட்கள் கேட்காது. இது ஒரு நாளும் தப்பியதில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸ் இருந்தது. தென்காசியில் டயர் கடை வைத்திருக்கும் தம்பியின் சிநேகிதனும் இன்னும் சிலரும் சேர்ந்து குற்றாலச் சாரல் தொடங்கும் முன்பு வருடாவருடம் நடத்துவது. திறந்த மண் தரையில் கோன்களை வைத்துப் பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். கோனை இடிக்காமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்கள் என்பதுதான் போட்டி. தம்பி ஒரு வருடமும் விட்டதில்லை.

"ஞாயித்துக்கிழமை அங்க நான் ஓட்டுதேன். நீங்க வந்து பாருங்க. ஒழுங்கா ஓட்டுனா வண்டி இங்கயே இருக்கட்டும். இல்லன்னா குடுத்துருங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அப்பா தட்டை என் பக்கமாகத் தள்ளி, "சரி, சாப்பிடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு முதல்முறையாக அந்த மைதானத்துக்குப் போனேன். பிளாட் போடுவதற்காகச் சமப்படுத்திய செம்மண் நிலம். அதன் ஒரு ஓரத்தில் எங்கள் பீடம். இத்தனை நாள் ரோட்டுப் பக்கமிருந்து பார்த்ததை இப்போது முதுகுப் பக்கமிருந்து பார்த்தேன். நிலத்தை வாங்கியவருக்கு அதை நகர்த்தத் தைரியமில்லை, ஒரு மனையையே விட்டுவிட்டாராம். கடைசி வளைவு அந்தப் பீடத்தை ஒட்டித்தான் திரும்பியது.

ஓட்டுவதற்கு முன் எல்லோரும் பாதையை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். சிநேகிதன் என்னோடு நடந்தான்.

"எக்கா, இந்தக் கடைசி வளைவுல மட்டும் காலை எடுத்துராதீங்க. மண்ணுல்லா. டக்குன்னு எடுத்தா முன்னாடி பாரம் எறங்கி வால் சுத்திரும். மிதிச்ச மேனிக்கே வாங்க."

"சரிலே, தெரியும்" என்றேன். ஒன்றும் தெரியாது.

வழுக்கினால் வண்டி தானாகவே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. மண்ணில் அது வண்டியை நகரவே விடாது என்று சிநேகிதன் அதை அணைத்துவிட்டான். தலையில் ஹெல்மெட். அப்பா கயிற்றுக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அணிவகுப்பைப் பார்க்க வந்தவர்போல நின்றார். கொடி இறங்கியது.

மிதித்தேன். மிதித்தபின் நடந்ததற்கு நான் பொறுப்பு என்று சொல்ல முடியாது. பின்சக்கரம் மண்ணைத் தோண்டியது, வண்டி பக்கவாட்டில் நெளிந்தது, அப்புறம் ஒரே பாய்ச்சல். என் வாயிலிருந்து வந்த சத்தத்தை ஹெல்மெட் போட்டிருந்ததால் நான் மட்டும்தான் கேட்டேன். கூடவே தம்பியும் பேசினான். வழக்கத்தைவிடப் பக்கத்தில், காதோடு. "கோனப் பாக்காதக்கா. அடுத்த கோனப் பாரு. விடு, அது தானா வரும்." நான் அடுத்த கோனைப் பார்த்தேன். வண்டி வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனும் நானுமாகத்தான் ஓட்டினோம், சத்தியமாக.

கடைசி வளைவு வந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளைப் பீடம்.

"காலை எடு. ஒன்னு அடி."

எடுத்தேன். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை விட்டு ஹாரனும் அடித்தேன். வண்டியின் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு போனது. மலை, ஜனங்கள், அப்பா, மலை, ஜனங்கள் என்று எல்லாம் சுற்றி, புழுதிக்குள் நின்றபோது நான் வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புழுதி அடங்கியது. அப்புறம் மைதானமே சிரித்தது.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அவன் மேல்தான் கோபம். இடது சீட்டைப் பார்த்து, "உனக்கு வேற நேரமே கெடைக்கலியாலே" என்று திட்டினேன்.

சிநேகிதன் ஓடிவந்து கதவைத் திறந்தான். அவன் சிரிக்கவில்லை.

"அடி ஒன்னும் படலயேக்கா? விடுங்க. இங்கன நடத்த ஆரம்பிச்ச மொத வருஷம் அவனும் இதே எடத்துலதான் சுத்துனான். இதே மாரி ஹாரன் அடிச்சு."

"பொறவு என்ன செஞ்சான்?"

"அடுத்த தடவ ஓட்டுததுக்கு முன்னாடி பீடத்துக்கிட்ட நடந்து போனான். 'இப்ப அடிக்க மாட்டேன், வீட்டுக்குப் போவும்போது சேத்து அடிச்சிருதேன்'னு மாடன்ட்ட சொல்லிட்டு வந்தான். வருஷாவருஷம் அப்படித்தான் செய்வான்."

இது எனக்குத் தெரியாது. அவனைப் பற்றி எனக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவு இருக்கிறதோ.

அப்பா கயிற்றைத் தாண்டி வந்தார். "பாத்தாச்சு. போவோமா?"

"இன்னொரு தடவ இருக்குப்பா. ஆளுக்கு ரெண்டு."

நடந்து போய்ப் பீடத்தின் முன்னால் நின்றேன். மேற்கே மலை மேகத்துக்குள் போயிருந்தது. மலைக்காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அவன் சொன்னதையே சொன்னேன். மாடனிடம் சொன்னேனா அவனிடம் சொன்னேனா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

இரண்டாவது தடவை கொடி இறங்கியதும் அவன் குரலுக்காகக் காத்திருந்தேன். முதல் கோன் வந்தது, போனது. அடுத்ததைப் பார்த்தேன். கை தானாகத் திரும்பியது. பின்பக்கம் நெளிந்தபோது பயப்படாமல் கொஞ்சம் விட்டுப் பிடித்தேன். இஞ்சின் சத்தமும் கல் தெறிக்கும் சத்தமும் மட்டும்தான். பீடம் வந்தது. நான் காலை எடுக்கவில்லை, மிதித்தபடியே போனேன். வண்டி பீடத்தை ஒட்டி அழகாகத் திரும்பியது. கடைசிக் கோடு தாண்டி நின்ற பிறகு இடது பக்கம் பார்த்தேன். வெறும் சீட். பெல்ட் மடங்காமல் அதன் இடத்தில் இருந்தது.

ஒரு கோன்கூட இடிக்கவில்லை. பட்டியலில் நடுவில் எங்கோ வந்தேன். கைதட்டினார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளேயே உட்கார்ந்து அழுதேன். ஒழுங்காக ஓட்டினால் அவன் இல்லை. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

அப்பா ஜன்னலில் தட்டினார். "கை பழகிட்டு. வண்டிய நீயே வச்சுக்க" என்றார். பிரமோஷன் கொடுப்பது போன்ற குரல். நான் எதற்காக அழுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

ரோட்டில் குற்றாலம் போகிற வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றதால் பின்வழியாக வாய்க்கால் ஓரமாகவே வீட்டுக்கு வந்தோம். வழி முழுக்க யாரும் பேசவில்லை, அப்பாவும் சரி, தம்பியும் சரி. திங்கட்கிழமை வருகிறவரிடமே கொடுத்துவிடலாம் என்று வாய்க்கால் பாலத்தில் முடிவு செய்தேன். இனி அது எனக்கு ஒரு கார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட கார் எனக்கு எதற்கு?

கேட்டுக்குள் நுழைந்ததும் திரையில் அவன் பெயர் வந்தது. அப்பா இறங்கிப் போனார். நான் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மா ஷெட்டுக்கு வந்து ஜன்னல் பக்கம் நின்றாள். தம்பி போனதிலிருந்து அந்த வண்டியை அவள் தொட்டதில்லை.

"நல்லா ஓட்டுனியாம்லா. அப்பா சொல்லுதாவ. பொறவு என்னட்டி?"

சொல்லிவிட்டேன். இத்தனை நாள் வண்டியில் அவன் பேசியது, முதல் சுற்றில் காதோடு பேசியது, இரண்டாவதில் பேசாதது எல்லாவற்றையும். பைத்தியம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். அம்மா கார்க் கதவில் ஒட்டியிருந்த செம்மண்ணை விரலால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"ஒனக்காவது இத்தன நாள் கேட்டுருக்கு. எனக்கு ஒரு நாளும் கேக்கல. கனவுலகூட வர மாட்டேங்கான். அதான் அவன் ஃபோன அணைய விடாம வச்சிருக்கேன். விஷயம் தெரியாத யாராவது எப்பமாவது கூப்பிடுவாவல்லா. அவன் பேரச் சொல்லி, இருக்கானான்னு கேப்பாவ. அத ஒரு தடவ கேட்டுக்கிடலாம்லா."

திரையைக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்தாள். தமிழ் எழுத்தில் அவன் பெயர். அந்த ஃபோன் தினமும் செய்துகொண்டிருந்த வேலை இது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வெளியில போனா போயிருமா?"

"நாலு வீடு தாண்டுனா போயிரும்."

அம்மா உள்ளே போனாள். ஃபோனைச் சார்ஜரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வந்து, இடது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். பெல்ட் போடத் தெரியவில்லை. நான்தான் போட்டுவிட்டேன். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பின்வழியாக வந்ததில் மாடனுக்குச் சொன்ன ஹாரனை அடிக்கவே இல்லை.

கேட்டைத் தாண்டினோம். நாலு வீடு தாண்டினோம். பெயர் போகவில்லை. சாரல் விழத் தொடங்கியிருந்தது. கண்ணாடியில் துடைப்பான் ஒருமுறை போய் வந்தது. அம்மா ஃபோனை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள். வளைவு வந்தபோதுதான் நிமிர்ந்தாள்.

"காலை எடு. ஒன்னு அடி" என்றாள்.

அதே குரல், அதே இழுப்பு. தம்பி இதை யாரிடம் கற்றுக்கொண்டான் என்று நான் ஒருநாளும் யோசித்ததே இல்லை. காலை எடுத்தேன். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என்று இரண்டு ஹாரன் அடித்தேன். பீடம் நனைந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு வாறவர வரவேண்டாம்னு அப்பாட்ட சொல்லிரு" என்றாள் அம்மா. "வண்டிய மெதுவா விடு. வீடு வந்துரும்."